ஏதென்ஸிலிருந்து பாலுவுக்கு

அன்புள்ள பாலு,

எட்டு மாதமாகக் கடிதம் போடவில்லை. எழுத உட்கார்ந்தால் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், அதனால்தான் உட்காரவில்லை. அது கடைசியில் வரும். நீ எப்போதும் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறவன், போய்ப் படித்துவிட்டே வா.

இங்கே எல்லோரும் நலம். உன் சர்க்கரை அளவை எழுது. பொய் எழுதினால் தங்கச்சியிடம் கேட்டுவிடுவேன்.

வீடு மாற்றிவிட்டோம். துறைமுகத்துப் பக்கம் வாடகை கட்டுப்படியாகவில்லை. இப்போது ஏதென்ஸின் புறநகர் நெயா ஃபிலடெல்ஃபியா. சன்னலைத் திறந்தால் ஏ.இ.கே. என்ற கால்பந்து அணியின் மைதானம். ஆட்டம் நடக்கும் நாளில் துணி காயப்போட முடியாது, எல்லாம் வெடிப்புகை நாற்றம். ஆனால் நீ பக்கத்தில் இருந்திருந்தால் அந்த மைதானத்திலேயே குடியேறியிருப்பாய், வீட்டுக்கே போயிருக்க மாட்டாய்.

வந்த அன்றே வீட்டுக்காரரிடம், "நீங்கள் இந்த ஊர்தானா?" என்று கேட்டேன். "இல்லை, நாங்கள் 1922-இல் வந்தோம்" என்றார். மனிதர் பிறந்ததே 1951-இல்!

பிறகுதான் புரிந்தது. ஆசியா மைனரில், அதாவது இன்றைய துருக்கியில், கிரேக்கப் படை துருக்கியரிடம் தோற்று, ஸ்மிர்னா (இன்றைய இஸ்மிர்) நகரம் எரிந்த ஆண்டு அது. மறு ஆண்டு சுவிட்சர்லாந்தின் லொசானில் இரண்டு நாடும் ஓர் ஒப்பந்தம் போட்டு ஆட்களையே பண்டமாற்றுச் செய்தார்கள். பேசும் மொழியை யாரும் பார்க்கவில்லை, மதத்தைத்தான் பார்த்தார்கள். துருக்கி மட்டுமே தெரிந்த கிறிஸ்தவன் கிரீஸுக்கு வந்தான். கிரேக்கம் மட்டுமே தெரிந்த கிரீட் தீவு முஸ்லிம் துருக்கிக்குப் போனான். ஐம்பது லட்சம் சொச்சம் பேர் இருந்த நாட்டில் பன்னிரண்டு லட்சம் பேர் வந்து இறங்கினார்கள். உள்ளூர்க்காரர்கள் அவர்களைத் 'துருக்கி விதை' என்று ஏசினார்களாம்.

கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து (இன்றைய இஸ்தான்புல்) வந்த சிலர் 1924-இல் இங்கே ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் கூடி இந்த ஏ.இ.கே. அணியைத் தொடங்கினார்கள். பெயர் என்ன தெரியுமா? கான்ஸ்டான்டிநோபிள் விளையாட்டுச் சங்கம். இருப்பது ஏதென்ஸில், பெயர் விட்டுவந்த ஊருடையது! சின்னம் அந்த ஊரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய பைசாந்தியப் பேரரசின் இரட்டைத் தலைக் கழுகு, நிறம் மஞ்சளும் கறுப்பும். வடக்கே தெசலோனிகி நகரத்தில் அதே ஊர் அகதிகள் 1926-இல் பாவோக் அணியைத் தொடங்கினார்கள். அதற்கும் அதே கழுகுதான், ஆனால் துக்கத்தில் சிறகை மடக்கிக்கொண்டிருக்கும் கழுகு. எனக்கு அதைப் பார்க்கத்தான் பிடித்திருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொல்லிவிடாதே, வாடகையை ஏற்றிவிடுவார்.

ஏ.இ.கே.யின் முதல் தலைவர் ஸ்பானுதிஸ் ஒரு பத்திரிகையாளர், கிரீஸ் பிரதமராக இருந்த வெனிசெலோஸுக்கு வேண்டியவர். அகதிகளுக்கு வீடு கட்ட ஒதுக்கிய நிலத்தில் ஒரு துண்டைப் பந்தாடக் கேட்டு வாங்கினார்கள். தலைக்கு மேல் கூரை இல்லாதவன் மைதானம் கேட்கிறான், பார்! நம் டிரில் மாஸ்டர் இருந்தால் எழுந்து நின்று சல்யூட் அடித்திருப்பார். 1930-இல் ஒலிம்பியாகோஸ் அணியுடன் ஆடி மைதானத்தைத் திறந்தார்கள். இரண்டுக்கு இரண்டு, டிரா.

டிரா என்றதும் உன் முகம் எப்படிப் போகும் என்று தெரியும். இதைக் கேள்: 2002-இல் ஐரோப்பிய அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் பிரிவுச் சுற்றில் ஏ.இ.கே.வுக்கு ஆறு ஆட்டம், ஆறும் டிரா. ரியல் மாட்ரிட் அப்போது ஐரோப்பிய சாம்பியன். அவர்களாலும் இவர்களை இரண்டு முறையும் ஜெயிக்க முடியவில்லை. ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் வெளியேறினார்கள். நீ கோல்கீப்பராக நின்ற அந்த வருடத்துக்கு அடுத்தபடி இதைத்தான் சொல்ல வேண்டும்.

1999 நிலநடுக்கத்தில் மைதானம் சேதமானது, 2003-இல் இடித்துவிட்டார்கள். பத்தொன்பது வருடம் அடுத்தவர் மைதானத்தில் ஆட்டம். நடுவில் கடன் முற்றி, 2013-இல் முதல் டிவிஷனிலிருந்து இறங்கி, நேரே மூன்றாம் டிவிஷனுக்குப் போய் அடியிலிருந்து தொடங்கினார்கள். 2018-இல் மறுபடி சாம்பியன். 2022-இல் பழைய இடத்திலேயே புது மைதானம் எழும்பியது, பெயர் அயா சோஃபியா, கான்ஸ்டான்டிநோபிளின் பழைய பெரிய தேவாலயத்தின் பெயர். அங்கே ஆடிய முதல் பருவத்திலேயே லீக்கையும் கோப்பையையும் சேர்த்து வாங்கினார்கள். அந்தப் பத்தொன்பது வருடமும் வீட்டுக்காரர் காலையில் காலி மனையைச் சுற்றி நடந்துவிட்டுத்தான் காப்பி குடிப்பாராம்.

போன வாரம் அவர் என்னைக் கேட்டார்: "உன் ஊரில் வீடு இருக்கிறதா?"

"இருக்கிறது" என்றேன். பொய், பாலு. மார்ச் மாதமே விற்றுவிட்டேன். உன்னிடம் கேட்காமல், சொல்லாமல், தம்பிக்கு அதிகாரம் கொடுத்துப் பத்திரத்தை முடித்துவிட்டேன். பெரியவள் படிப்புக்குப் பணம் வேண்டியிருந்தது, அது உண்மை. உன்னிடம் சொல்லியிருந்தால் நீ தடுத்திருப்பாய், அதுவும் உண்மை. ஒருவேளை உனக்கு முன்பே தெரிந்திருக்கலாம். தெரு முழுக்கத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் நீ கேட்காமல் இருப்பதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன் ஒரு நடை போய்ப் பார். கொல்லைச் சுவரில் நாம் கரியால் கிழித்த கோல் கம்பத்தை, வாங்கியவர் வெள்ளையடித்துவிட்டாரா?

உன்,
மணி