ஒன்றரை மீட்டர் தள்ளி

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நான் நலம். நீ, அண்ணி, பிள்ளைகள், அப்பா, அம்மா எல்லோரும் நலம்தானே? போனில் நீ போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "லாரி போற ரோட்டுல பொம்பளப் புள்ளைக்கு என்ன சைக்கிள்" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லக்கூட விடாமல் வைத்துவிட்டாய், அதனால்தான் எழுதுகிறேன். காலை ஷிஃப்ட் ஏழு மணிக்கு. முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் முதியோர் இல்லத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது, ஞாயிற்றுக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம்.

பர்மிங்காமிலும் நம் ஊர் மாதிரி இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். முந்துகிற முறைதான் வேறு. மன்னார்குடி ரோட்டில் சைக்கிள்காரரைக் கண்டால் நீ என்ன செய்வாய், தூரத்திலிருந்தே ஹாரன் அடிப்பாய், அவர் மண்ணில் இறங்கிக்கொள்வார், நீ போய்க்கொண்டே இருப்பாய். இங்கே சைக்கிள் இறங்க வேண்டியதில்லை, இடம் கிடைக்கிற வரை வண்டிதான் பின்னால் காத்திருக்க வேண்டும். ஹைவே கோட் என்று ஒரு சாலை விதிப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். 2022 ஜனவரியில் அதைத் திருத்தியபோது, 30 மைல் வேகம் வரை சைக்கிளுக்குக் குறைந்தது 1.5 மீட்டர் விட்டு முந்த வேண்டும், வேகம் கூடினால் இன்னும் தள்ளிப் போக வேண்டும் என்று தெளிவாகவே எழுதிவிட்டார்கள். குதிரைக்கு 2 மீட்டர்! சரி, குதிரைக்கு எங்களைவிட அரை மீட்டர் மரியாதை கூடுதல் என்று வைத்துக்கொள். நடுவில் தாண்டக் கூடாத வெள்ளைக் கோடு போட்டிருந்தால்கூட, சைக்கிள் 10 மைல் வேகத்திலோ அதற்குக் குறைவாகவோ போனால், எதிரே ரோடு காலியாக இருக்கும்போது கோட்டைத் தாண்டி முந்தலாம்.

இதெல்லாம் புத்தகத்தில். ரோட்டில் நிறையப் பேர் உரசிக்கொண்டுதான் போகிறார்கள், அதிலும் காலை அவசரத்தில் வேன்காரர்கள். பின்னால் சத்தம் கேட்டு நாம் சுதாரிப்பதற்குள் பக்கக் கண்ணாடி முழங்கைக்குப் பக்கத்தில் போய்விடும். லாரி என்றால் காற்று முதலில் வெளியே தள்ளும், வண்டி தாண்டும்போது உள்ளே இழுக்கும், அந்த இரண்டு நொடியில் ஹேண்டில்பாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதைத் தவிர வேறு எதுவும் தோன்றாது.

இப்போது சொல்லப்போவதைக் கேட்டால் நீ இன்னும் கத்துவாய். ஓரத்தை ஒட்டிப் போகக் கூடாது. கூட வேலை பார்க்கிற ஜமைக்கா அக்கா சொல்லிக்கொடுத்தது. ஓரமாகப் போனால், இருக்கிற இடுக்கில் நுழைந்துவிடலாம் என்று டிரைவருக்குத் தோன்றும், நம் லேனின் நடுவில் போனால் முழுதாக அடுத்த பக்கம் போய்த்தான் முந்தியாக வேண்டும். அமைதியான தெருவிலும், ரோடு குறுகுகிற இடத்திலும், சந்திப்பு வரும்போதும் லேனின் நடுவில் ஓட்டச் சொல்லி அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது. மற்ற இடத்தில் ஓரத்திலிருந்து அரை மீட்டராவது தள்ளி. ஓரத்தில் என்னதான் இருக்கிறது, சாக்கடை மூடி, ஊறிப்போன இலைச் சருகு, நிறுத்தி வைத்த காரின் கதவு எப்போது திறக்கும் என்ற பயம், அவ்வளவுதான். நடுவில் போனால் சிலர் கண்ணாடியை இறக்கி "ரோட் டாக்ஸ் கட்டுறியா?" என்று கேட்பார்கள். அது வண்டிக்குப் போடுகிற வரி, ரோடு போடுவது எல்லோருடைய வரிப்பணத்திலும்தான், என் சம்பளத்தில் பிடிக்கிறதும் அதில் சேர்த்தி.

2016இல் இந்த ஊர் போலீஸ் ஒரு வேலை செய்தது. போலீஸ்காரர் சாதா உடையில் கேமராவோடு சைக்கிளில் போவார். யாராவது உரசி முந்தினால் முன்னால் நிற்கிற இன்னொரு போலீஸ்காரருக்குத் தகவல் போகும், வண்டியை ஓரம் கட்டுவார்கள். தரையில் பெரிய பாய் ஒன்றை விரித்து, எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அதில் காட்டிப் பாடம் நடத்துவார்கள், மோசமாக ஓட்டியிருந்தால் வழக்கு. அப்புறம் பல ஊர்களிலும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். 1.5 மீட்டர் என்பது நேரடிச் சட்டம் இல்லை, ஆனால் கவனக்குறைவாக ஓட்டினார் என்று காட்ட அது உதவும், சாதாரணமாக 100 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 3 தண்டனைப் புள்ளி. என் சைக்கிளிலும் கேமரா மாட்டியிருக்கிறேன். வண்டிக்காரருக்கு 14 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும் என்பதால் வீடியோவைப் போலீஸுக்கு உடனே அனுப்பிவிட வேண்டும்.

அண்ணே, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நீ பயப்படுவது என் சைக்கிளை நினைத்து இல்லை, டிரைவர்களை நினைத்து. டிரைவர் எப்படி ஓட்டுவார் என்று உனக்கு நன்றாகத் தெரியும். விடிகாலையில் உன் வண்டிக்கு முன்னால் போகிற பால்காரர் வீட்டிலும் உன்னை மாதிரி ஓர் அண்ணன் இருப்பார்தானே? ஹாரனை விட்டுவிட்டு பிரேக்கில் கால் வைத்தால் உனக்கு அரை நிமிடம்கூடப் போகாது.

அம்மா ஹெல்மெட் பற்றிக் கேட்டாள் இல்லையா, சட்டப்படி கட்டாயம் இல்லை, இருந்தாலும் போடுகிறேன். பாத் என்கிற ஊரின் பல்கலைக்கழகத்து ஆள் ஒருவர், இயன் வாக்கர் என்று பெயர், 2006இல் சைக்கிளில் கருவி மாட்டி அளந்து பார்த்தார். ஹெல்மெட் போட்டால் வண்டிகள் சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருங்கி வந்தன என்றார், அந்தக் கணக்கை வேறு சிலர் மறுத்தார்கள். பின்னாலிருந்து பெண் மாதிரித் தெரிய நீளமான விக் வைத்துக்கொண்டு போனபோது கூடுதலாக இடம் விட்டார்களாம்! அதனால் பின்னலை வெளியே தொங்கவிட்டுக்கொண்டுதான் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

அப்பா சைக்கிளுக்குப் பின்னால் சிவப்பு விளக்கு வாங்கி மாட்டிவிடு, பணம் நான் அனுப்புகிறேன். ஞாயிறு மதியம் கூப்பிடுகிறேன், அப்போதாவது என்னையும் பேச விடு.

அன்புத் தங்கை