நீ அனுப்பியது சிப்பி இல்லை

அரியலூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சின்சினாட்டியில் சாலை ஓரம் பொறுக்கினேன் என்று நீ அனுப்பிய கல்லின் படத்தை ராத்திரி பதினோரு மணி வரைக்கும் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தேன். அப்பா திட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். "நம்ம ஊர்ச் சிப்பி மாதிரியே இருக்கும்மா" என்று எழுதியிருக்கிறாய். இல்லைடி. நிலவியல் டீச்சர் மகள் இப்படி எழுதலாமா?

ராமேஸ்வரத்தில் நீ எடுத்த மட்டிச் சிப்பி இன்னும் ஷோகேஸில்தான் இருக்கிறது. அதன் இடது ஓடும் வலது ஓடும் ஜோடி. ஆனால் ஒரே ஓட்டின் நடுவே கோடு போட்டால் இரண்டு பாதியும் ஒத்துப்போகாது. உன் கல்லில் அப்படியே தலைகீழ். மேல் ஓடு ஒரு மாதிரி, கீழ் ஓடு வேறு மாதிரி. மூக்கு மாதிரி கூராக இருக்கும் முனையிலிருந்து நேரே கோடு இழுத்துப் பார், இரு பாதியும் அச்சு அசல். அது பிராக்கியோபாடு, சிப்பி மாதிரியே இரண்டு ஓட்டுக்குள் வாழும் வேறொரு கடல் உயிர், கல்லாகிப் போனது. மட்டிக்கும் அதற்கும் குலமே வேறு.

ஓடுகள் மூடியே இருப்பதையும் கவனி. மட்டிக்கு மூடத்தான் தசை. திறப்பது கீலில் இருக்கும் நார், ஸ்பிரிங் மாதிரி. அதனால்தான் குழம்பில் போட்டதும் வாயைப் பிளக்கிறது. பிராக்கியோபாடுக்குத் திறக்கவும் தசை வேண்டும், ஆகவே செத்தாலும் மூடியே கிடக்கும். ஆனாலும் கடல் அடியில் ரொம்ப நாள் கிடந்தால் அலை உருட்டிப் பிரித்துவிடும், உடைத்துவிடும். உன் பலகைக்கல்லில் மூடிய ஓடுகள் முழுசாக இருக்கின்றன. புயல் கிளப்பிய சேறு சட்டென்று மூடியிருக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பாறையில் அப்படிப்பட்ட புயல் அடுக்குகள் ஏராளம்.

ஓட்டின் மேல் வலை மாதிரி ஒட்டியிருப்பது பிரயோசோவா, கூட்டமாக ஒட்டி வாழும் குட்டிக் கடல் உயிர். அடியெல்லாம் சேறு, அதற்கு உட்கார வேறு திண்ணை கிடைக்கவில்லை போல.

உன் கல்லுக்கு வயசு சுமார் 45 கோடி வருஷம்! அப்போது உங்கள் ஓஹையோ மாநிலம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, வெதுவெதுப்பான ஆழமில்லாக் கடலுக்கடியில் இருந்தது. நம் அரியலூரில் அந்தக் காலத்தில் இருந்த கடலுக்கு வயசு ஏழெட்டுக் கோடி வருஷம்தான். இங்கேயும் பிராக்கியோபாடு கிடைக்கும், ஆனால் சுண்ணாம்புக் குவாரியில் கால் வைத்தால் தட்டுப்படுவது சிப்பிதான். 25.2 கோடி வருஷத்துக்கு முன் கடலில் பெரும் சாவு விழுந்ததே, அதில் வாங்கிய அடியிலிருந்து பிராக்கியோபாடு குலம் பழையபடி எழவே இல்லை. இன்று உயிரோடு இருப்பது நானூறு சொச்சம் இனம்.

வரும்போது ஒன்று கொண்டு வா. கத்தியால் சுரண்டாதே, பழைய டூத் பிரஷ் போதும். எந்த அடுக்கில் எடுத்தாய் என்று சீட்டு எழுதி உள்ளே வை. மறந்துவிடுவாய், உன்னைத் தெரியாதா எனக்கு.

அம்மா