கையெழுத்துக்கு அப்புறம்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

“ஆள் கடத்தலைத் தடுப்போம் என்று நாடுகள் கையெழுத்துப் போடுகின்றன, சரி. சொன்னபடி நடக்கிறார்களா என்று யார் கேட்பது?” என்று எழுதியிருந்தாய். அந்தக் கேள்வியால்தான் பதில் எழுத இத்தனை நாள் ஆனது. அதைச் சரிபார்த்து எழுதும் அறிக்கைகளைத்தான் ஒரு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கேட்க ஆள் இருக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. ஆட்களை ஏமாற்றியோ மிரட்டியோ கொண்டுபோய்ச் சுரண்டுவதுதான் ஆள் கடத்தல்; அதைத் தடுக்க 2000இல் ஐ.நா. ஏற்ற பாலெர்மோ நெறிமுறை 2003இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நடப்பதைச் சரிபார்க்க ஒரு முறை வேண்டும் என்று நாடுகள் ஒத்துவருவதற்கு 2018 ஆகிவிட்டது. அதுவும் நாடுகள் ஒன்றையொன்று பார்த்துச் சொல்லும் முறை. மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய நாடுகளின் அமைப்பான ஐரோப்பியக் கவுன்சில் 2005இல் ஆள் கடத்தலுக்கு எதிராகக் கொண்டுவந்த ஒப்பந்தத்திலோ கண்காணிப்பை உள்ளேயே எழுதிவிட்டார்கள். அதற்கென்று கிரெட்டா என்று 15 நிபுணர்கள் கொண்ட ஒரு குழு. அவர்கள் யாரும் தங்கள் நாட்டு அரசுக்காகப் பேசக் கூடாது.

முதலில் கிரெட்டாவிடமிருந்து ஒரு நாட்டு அரசுக்கு வினாப்பட்டியல் போகும். பதில் வந்ததும் நேரிலேயே போகிறார்கள். அதிகாரிகளைப் பார்ப்பதோடு நிற்பதில்லை, தொண்டு நிறுவனங்களிடமும் வழக்கறிஞர்களிடமும் கேட்கிறார்கள், காப்பகங்களுக்கும் போகிறார்கள். வரைவை அரசுக்குக் காட்டிக் கருத்துக் கேட்டபின் அறிக்கையை வெளியிடுகிறார்கள். சில வருஷம் கழித்து மறுபடி வந்து, போன தடவை சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். அபராதம் போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. இப்படி விடாமல் திரும்பி வருவதுதான் அவர்கள் பலம் என்று எனக்குப் படுகிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பாதிக்கப்பட்டவர் என்று கருத நியாயம் இருந்தால், அவர் மூச்சு விட்டுக்கொள்ளவும் போலீஸுக்கு உதவுவதா என்று யோசிக்கவும் குறைந்தது 30 நாள் தர வேண்டும், அதுவரை நாட்டை விட்டு அனுப்பக் கூடாது என்கிறது அந்த ஒப்பந்தம். சட்டப் புத்தகத்தில் இதை எழுதிவிடுவது சுலபம். உண்மையில் எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வருகிறது. எண்ணிக்கையைப் படிப்பதிலும் கவனம் வேண்டும், மாலதி. ஒரு நாட்டில் பாதிக்கப்பட்டவர்கள் மிகக் குறைவு என்றால், அங்கே யாரும் தேடவில்லை என்றும் இருக்கலாம். வயல்களிலும் வீட்டு வேலையிலும் சிக்கியவர்கள் தாங்களாக வந்து புகார் கொடுப்பது அபூர்வம்.

கிரீஸின் மனோலாடாவில் நடந்தது என்னைத் தூங்கவிடவில்லை. ஸ்ட்ராபெர்ரி பறிக்க வந்த வங்கதேசத் தொழிலாளர்களை, நாளுக்கு 22 யூரோ என்று சொல்லித்தான் வேலைக்கு எடுத்திருந்தார்கள். 2013 ஏப்ரலில் அவர்கள் பாக்கிக் கூலியைக் கேட்டபோது பண்ணைக் காவலாள் சுட்டான், பலருக்குக் காயம். அடுத்த வருஷம் அங்கிருந்த நீதிமன்றம் ஆள் கடத்தல் குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டது. 2017இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், 42 பேர் தொடுத்த வழக்கில், அது கட்டாய உழைப்பும் ஆள் கடத்தலும்தான் என்றது. கிரீஸ் ஒவ்வொருவருக்கும் 12,000 அல்லது 16,000 யூரோ கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பில் 2005 ஒப்பந்தமும் பேசப்படுகிறது.

கிரெட்டா தன் மூன்றாவது சுற்று ஆய்வில் இதைத்தான் மையமாக வைத்தது: பாதிக்கப்பட்டவருக்கு நீதி கிடைத்ததா, இழப்பீடு கைக்கு வந்ததா? எத்தனை பேரைக் கைது செய்தோம் என்று பெருமையாகச் சொல்லும் அரசுகள்கூட இந்த இடத்தில் தடுமாறுகின்றன. என்னைக் கேட்டால் முதல் சுற்றிலேயே இதைக் கேட்டிருக்க வேண்டும்.

நீ தொழிலாளர் வழக்குகள் பார்க்கிறவள். தானாக வேலைக்கு வந்தவன் என்பதாலேயே அவன் மனமொப்பி உழைத்தான் என்று ஆகாது என்று மனோலாடா தீர்ப்பில் ஒரு பகுதி வருகிறது. தேடிப் படித்துப் பார். உன் வழக்குகளில் அந்த வாதம் நிற்குமா என்று எழுது. அம்மாவுக்குச் சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு.

அன்புடன்,
கௌரி