கறி விடுவதற்கு முதல் ஒரு பிடி

ஆசிரியர் அவர்களுக்கு,

இந்த வெயிலில் பறவைகளுக்குத் தண்ணீரும் சாப்பாடும் வையுங்கள் என்று உங்கள் ஞாயிறு இதழில் ஒரு சிறு குறிப்பு வந்திருந்தது, பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் எதை வைப்பது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. வெள்ளவத்தையில் நான் இருக்கிற மாடிக் குடியிருப்பில் இப்போது பல்கனிக்குப் பல்கனி நேற்றைய பாண், மிச்ச மிக்சர், சம்பல் ஒட்டிய சோறு. எல்லாரும் பாசத்தோடுதான் வைக்கிறார்கள், அதனால்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

கூட்டில் வளர்க்கிற, லவ் பேர்ட் என்று நாங்கள் சொல்கிற பட்ஜரிகர் குருவி ஒன்றின் எடை 30, 40 கிராம்தான். அந்த உடம்புக்கு மிக்சரில் உள்ள உப்பும் எண்ணெயும் மிக அதிகம். பாண் வயிற்றை நிரப்பும், வேறொன்றும் செய்யாது. சொக்லட், கோப்பி, வெங்காயம் மூன்றும் பறவைக்கு விஷம். நாங்கள் சீனி போட்டு அடித்துக் குடிக்கிற அவகாடோ அதைவிட மோசம், அதிலுள்ள பேர்சின் என்ற பொருள் பறவையின் இதயத்தையே தாக்கும். பூஞ்சணம் பிடித்த கச்சானை, அதுதான் நிலக்கடலையை, வீணாகப் போகுதே என்று அவற்றுக்குக் கொட்டாதீர்கள், ஈரல் கெட்டுவிடும்.

சரி, எதைக் கொடுக்கலாம்? வற்றாளைக்கிழங்கு ஒன்றை உப்பில்லாமல் அவித்து மசித்து, அதில் குரக்கன் மா, துருவிய கரட், பொடியாக நறுக்கிய முருங்கையிலை, ஒரு கரண்டி தினை எல்லாம் போட்டு, ஒரு முட்டையை அடித்து விட்டுப் பிசைய வேண்டும். முட்டைக் கோதையும் எறியாமல் கழுவி அவித்துக் காயவைத்துத் தூளாக்கிச் சேர்க்கலாம், முட்டையிடுகிற பேடுகளுக்குக் கல்சியம் தேவை. கையில் ஒட்டாத பதம் வந்ததும் சுண்டங்காய் அளவில் உருட்டி இடியப்பத் தட்டில் வைத்து ஒரு கால் மணித்தியாலம் அவித்தால் போதும். ஆறின பிறகு ஒரு குருவிக்கு ஒரு உருண்டை, கிழமைக்கு இரண்டு தரம். மிச்சத்தைப் பிரீசரில் வைக்கலாம். தேன், சீனி, பால் எதுவும் வேண்டாம். பழுத்த மிளகாய் ஒன்றைக் கூட்டில் செருகிவிட்டால் அதையும் ஆசையாகக் கொத்தும், பறவைகளுக்கு மிளகாயின் உறைப்பு தெரியாது.

அவிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முன்பு நான் தினையை வறுத்துத்தான் கொடுப்பேன். போன வருடம் ஒருநாள் நொன்ஸ்டிக் தாச்சியை அடுப்பில் வைத்துவிட்டு, வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்க் கதைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். திரும்பி வந்தபோது வெறுந்தாச்சி காய்ந்து கிடந்தது, பெரிய புகைகூட இல்லை, இலேசான மணம்தான். யன்னலோரக் கூட்டில் நீலக்குருவி அடித்தட்டில் விழுந்து கிடந்தது. மஞ்சள் குருவி வாயைத் திறந்து திறந்து மூச்சு இழுத்தது, ஓட்டோவில் மிருக வைத்தியரிடம் போய்ச் சேருவதற்குள் என் கைக்குள்ளேயே அதுவும் போய்விட்டது. அந்தப் பூச்சு அளவுக்கு மீறிச் சூடானால் வரும் ஆவி பறவைகளைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும் என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். குருவி வளர்க்கிற வீட்டில் தயவுசெய்து இரும்புத் தாச்சியோ மண்சட்டியோ பாவியுங்கள்.

வெளியே வருகிற பறவைகளுக்குச் சமையல் ஒன்றும் தேவையில்லை. பாதிப் பப்பாசியை வெட்டிச் சிரட்டையில் வைத்தால் கொண்டைக்குருவியும் மைனாவும் குயிலும் தேடி வரும். காகத்துக்குச் சோறு வைக்கிற வழக்கம் எங்களிடம் இருக்கிறதே, அம்மம்மா அந்தப் பிடியை எப்போதும் கறி விடுவதற்கு முதல், வெறுஞ்சோறாக எடுத்து வைத்துவிடுவார். அப்படியே செய்யலாம். ஒரு மணித்தியாலத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும், இரவில் கிடந்தால் எலி வரும், பிறகு எலிக்காய்ச்சல் பயம்.

அப்புறம் அந்தத் தண்ணீர்ச் சட்டி. 2017இல் இந்த நாட்டில் ஒரு இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு வந்தது, கொழும்பில் இருக்கிற எங்களுக்கு அதை யாரும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. தண்ணீரை ஒவ்வொரு நாளும் மாற்றினால் மட்டும் போதாது, நுளம்பின் முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சட்டியின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் சாகாமல் கிடக்கும், தும்பு போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு அதே இடத்தில் இதையும் போடுவீர்களா? முழுவதற்கும் இடமில்லை என்றால் அவகாடோவையும் நொன்ஸ்டிக் தாச்சியையும் மட்டுமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 6