தேயாத முனை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. என் பழைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளின் பிரேக் பெடல் ஷாஃப்ட்டை, அதாவது பெடல் திரும்பும் தண்டை, கடைந்து முடித்து, வண்டியில் மாட்டி, பெடல் ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்று வைத்திருந்தேன். நேற்று சாயங்காலம்தான் மாட்டினேன். காலால் மிதித்துப் பார்த்தேன், கையால் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தேன். துளி ஆட்டம் இல்லை. அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் உட்கார்ந்துவிட்டேன்.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு நீ மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் மனசு லேசானது. வலி குறைந்துவிட்டதே என்று பயிற்சியை நிறுத்திவிடாதே. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. சின்னவன் பரீட்சைக்குப் படிக்கிறான், அதனால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் லேத் (கடைசல் இயந்திரம்) ஓட்டுவதில்லை.

அப்பாவின் வண்டியைப் பற்றி எழுதியிருந்தாய். இத்தனை வருடம் போர்வை போட்டு மூடி வைத்திருந்ததை இப்போது வெளியே எடுத்திருக்கிறாய். தேய்ந்தது எல்லாவற்றையும் கழற்றி வெளியே கொடுத்து, அதே மாதிரி செய்து வாங்கிவிடலாமா என்று கேட்கிறாய். அதற்கு நேரடியாகப் பதில் சொல்வதைவிட எனக்கு நடந்ததையே சொல்கிறேன். இந்த பி.எஸ்.ஏ. 350-இல் நான் செய்த முதல் தப்பே அதுதான்.

பெடல் ஷாஃப்ட்டைக் கழற்றியபோது அது ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்திருந்தது. தடிமனை நுட்பமாக அளக்கும் மைக்ரோமீட்டரை வைத்தேன். 15.6 மி.மீ. காட்டியது. சரி, இதுதான் அளவு என்று எழுதிக்கொண்டேன். நல்ல இரும்புத் தண்டு ஒன்றை எடுத்து அதே அளவுக்குக் கடைந்தேன், அதற்கேற்றபடி, பெடலின் துளைக்குள் ஷாஃப்ட்டைச் சுற்றி உட்காரும் வெண்கலக் குழாயான புஷ்ஷும் செய்தேன். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று அழகாக ஓடின. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போனது. பிறகு ஷாஃப்ட்டை ஃபிரேமில் இருக்கும் துளையில் நுழைத்தால் லொடலொட என்று ஆடுகிறது. பெடலுக்குள் சரியாக இருப்பது ஃபிரேமுக்குள் சரியாக இல்லை.

பழைய ஷாஃப்ட்டை மறுபடி எடுத்து, விளக்கின் கீழே வைத்து, மைக்ரோமீட்டரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்த்தேன். நடுவில் 15.6. கால் பகுதி திருப்பி அதே இடத்தில் வைத்தால் 15.75. அதாவது அது வட்டமாகவே இல்லை, மிதிக்கும் விசை விழுந்த பக்கம் மட்டும் தேய்ந்து முட்டை வடிவம் ஆகியிருக்கிறது. அப்புறம் கடைசி முனைக்கு வந்தேன். வாஷருக்கு அடியில் ஒளிந்திருந்த, எதனோடும் உராயாத ஒரு விரல் நகம் அகலமுள்ள இடம். காய்ந்த கிரீஸைத் துணியால் துடைத்துவிட்டு வைத்தேன். 15.87. நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன், 15.87-தான். எட்டில் ஐந்து அங்குலம்! கணக்குப்படி 15.875. இந்தச் ஷாஃப்ட்டை முதலில் கடைந்தவர் மனதில் இருந்த எண் அதுதான். பல வருட ஓட்டமும் தூசியும் அந்த ஒரு நக அகலத்தை மட்டும் தொடாமல் விட்டிருக்கின்றன.

அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. தேய்ந்ததை அளந்து செய்தால் தேய்மானத்தைத்தான் புதிதாகச் செய்வோம். செய்தவர் நினைத்த அளவைக் கண்டுபிடித்துச் செய்தால்தான் அது அந்த வண்டியின் பாகம். அதனால் உன் அப்பா வண்டியின் எந்தப் பாகத்தையும் ‘இதே மாதிரி’ என்று சொல்லி யாரிடமும் கொடுத்துவிடாதே. முதலில் தேயாத முனையைத் தேடு. சர்க்கிளிப் என்ற வளையக் கிளிப் உட்காரும் காடிக்கு வெளிப்பக்கம், வாஷருக்கு அடியில், புஷ் முடியும் இடத்துக்கு அப்பால் என்று எங்காவது ஒரு துண்டு மிஞ்சியிருக்கும். கிடைத்த எண்ணை அங்குலத்திலும் மாற்றிப் பார். மில்லிமீட்டரில் கோணல் மாணலாகத் தெரிவது அங்குலத்தில் எட்டில் ஐந்து, பதினாறில் ஒன்பது என்று வந்து நின்றால் நீ சரியான இடத்தைத் தொட்டிருக்கிறாய்.

பி.எஸ்.ஏ. என்றால் பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861-இல் துப்பாக்கி செய்கிறவர்கள் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது. துப்பாக்கிகளை இயந்திரத்தில் செய்து, ஒன்றின் பாகம் இன்னொன்றில் அப்படியே பொருந்த வேண்டும் என்பதுதான் நோக்கம். டேங்கில் மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய சின்னம் இருக்குமே, அது அந்தக் காலத்து நினைவு. ஒரு வண்டியின் ஷாஃப்ட் இன்னொரு வண்டியிலும் ஏறும் என்று நம்பிச் செய்தவர்கள் அவர்கள். நான் 15.6-இல் செய்தது என் வண்டிக்கே ஏறவில்லை.

இரண்டாவது தடவை செய்தது பற்றிக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், உனக்கும் பயன்படும். புஷ்ஷுக்கு பாஸ்பர் பிரான்ஸ் (ஒரு வகை வெண்கலம்) தண்டு எடுத்தேன். வெளி விட்டத்தைப் பெடலின் துளையைவிட 0.03 மி.மீ. பெரிதாக வைத்தேன். உள்துளையைக் கடைசி அளவுக்குக் கொண்டுபோகாமல் கொஞ்சம் சின்னதாகவே விட்டேன். இறுக்கி ஏற்றும்போது புஷ் வெளியிலிருந்து நசுங்கி உள்துளை சுருங்கிவிடும். முன்கூட்டியே சரியான அளவு வைத்தால் ஏற்றிய பிறகு ஷாஃப்ட் நுழையாது. ஆகவே துளையைச் சரியான அளவுக்குச் சீவும் ரீமரை ஏற்றிய பிறகுதான் போட வேண்டும். ஏற்றுவதற்கும் சுத்தியல் எடுக்கவில்லை. நீளமான போல்ட், இரண்டு பக்கமும் தடித்த வாஷர், ஒரு நட்டு, அவ்வளவுதான். நட்டை முறுக்க முறுக்கப் புஷ் கோணாமல் நேராக உள்ளே போகிறது. புஷ்ஷின் முன் விளிம்பில் சிறு சரிவு வைத்திருந்தேன், அதுவே வழி காட்டியது. பிறகு ரீமரைக் கையாலேயே, எண்ணெய் விட்டு, ஒரே திசையில் சுற்றினேன். பின்னோக்கிச் சுற்றினால் வெட்டு முனை மழுங்கிவிடும், துளையிலும் கீறல் விழும். கடைசியில் ஷாஃப்ட்டை நுழைத்தபோது காற்று ‘ஸ்ஸ்’ என்று மெதுவாக வெளியே வந்தது பார், அந்தச் சத்தத்துக்காக இன்னும் நாலு ஞாயிற்றுக்கிழமை கொடுக்கலாம்.

ஒன்று கவனி. பொடியை அழுத்திச் சுட்டுச் செய்த, எண்ணெய் ஊறிய சின்டர் வெண்கலப் புஷ் என்று கடையில் கிடைக்கும். அதில் ரீமர் ஓட்டினால் எண்ணெய் கசிய வேண்டிய நுண்துளைகள் மூடிக்கொள்ளும். நான் சொன்னதெல்லாம் கட்டி வெண்கலத்துக்கு மட்டும்தான்.

மரை விஷயத்தில் நீ எழுதியிருந்த குழப்பம் எனக்கும் இருந்தது. உன் வண்டியும் பிரிட்டிஷ் வண்டி என்பதால் நட்டு மாட்டுவதற்கு முன் இதைப் படி. அந்தக் காலத்து பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில் இரண்டு மூன்று வகை மரை கலந்திருக்கும். அலுமினியம் கேஸில் ஏறுவது பெரும்பாலும் விட்வொர்த், 1841-இல் ஜோசப் விட்வொர்த் வகுத்தது, மரையின் கோணம் 55 டிகிரி. மெத்தென்ற உலோகம் என்பதால் கரடான மரை, கால் அங்குல போல்ட்டில் அங்குலத்துக்கு 20 மரை. இரும்பில் இரும்பு ஏறும் இடங்களில் சைக்கிள் மரை, கோணம் 60 டிகிரி, பெரும்பாலான அளவுகளில் அங்குலத்துக்கு 26. மரை நெருக்கமாக இருந்தால் வண்டி அதிரும்போது நட்டு சீக்கிரம் கழலாது.

வம்பே அந்த 26-இல்தான். ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடையே 0.977 மி.மீ. மில்லிமீட்டர் மரையில் 1 மி.மீ. என்று ஒன்று உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பதினாறில் ஐந்து அங்குல ஸ்டட் (தலையில்லாத போல்ட்) 7.94 மி.மீ., அதன் மேல் அந்த 1 மி.மீ. மரையுள்ள 8 மி.மீ. நட்டு இரண்டு மூன்று சுற்று சமர்த்தாக ஏறும். அதற்கப்புறம் இறுகும். பத்து மரையில் கால் மி.மீ. அளவுக்கு வித்தியாசம் வந்துவிடுகிறதே, எப்படி ஏறும்? துரு பிடித்திருக்கிறது போல என்று நினைத்து நீளக் கைப்பிடி ஸ்பேனர் போட்டால் போச்சு. எனக்கு முன்னால் இந்த வண்டியை வைத்திருந்த யாரோ அதைத்தான் செய்திருக்கிறார். ஒரு ஸ்டட்டில் மேல் பாதி மரை சாய்ந்து, பிசிறு பிசிறாக நின்றது. புது ஸ்டட் கடைந்துதான் மாட்டினேன். நட்டு கையால் கடைசிவரை ஏறவில்லை என்றால் ஸ்பேனரைத் தொடாதே. மரை அளக்கும் கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள், சீப்பு மாதிரி தகடு தகடாக இருக்கும். 1 மி.மீ. தகட்டையும் 26 தகட்டையும் மாற்றி மாற்றி வைத்து வெளிச்சத்தில் பார். இரண்டு மரையைப் பார்த்தால் தெரியாது, நீளமாகப் பார்த்தால் ஓரத்தில் வெளிச்சம் கசிவது தெரியும்.

மில்லிமீட்டர் லேத்தில் அங்குல மரை போட முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். 127 பல் உள்ள சக்கரம் ஒன்று வேண்டும். ஒரு அங்குலம் 25.4 மி.மீ., அதை ஐந்தால் பெருக்கினால் சரியாக 127. அந்தச் சக்கரத்தைக் கோத்துவிட்டால் பின்னம் இல்லாமல் கணக்கு நேராகிவிடுகிறது. முதல் தடவை அதை மாட்டி, சாக்குக்கட்டியால் கோடு போட்டுச் சரிபார்த்தபோது நம் பாலிடெக்னிக் பட்டறை ஞாபகம் வந்தது. ஒரு வாரம் முழுக்க ஒரே இரும்புக் கட்டியை ராவிக்கொண்டு நின்றோமே. நீலச் சாயம் பூசி, தட்டில் வைத்துத் தேய்த்து, எங்கே பட்டிருக்கிறது என்று பார்த்து, பட்ட மேட்டை மட்டும் மறுபடி ராவ வேண்டும். அப்போது உனக்குக் கோபம் கோபமாக வரும். கார்புரேட்டரை என்ஜினோடு சேர்த்து போல்ட் போடும் தட்டை முகமான ஃபிளாஞ்ச் வளைந்திருந்ததைச் சரிசெய்ய அதே வேலையைத்தான் இப்போது செய்தேன். தடித்த கண்ணாடியின் மேல் உப்புத்தாள், முகத்தில் நீலச் சாயம், எட்டு போடுவது மாதிரி மெதுவாகத் தேய்ப்பு. முதலில் இரண்டு போல்ட் காதுகளில் மட்டும் சாயம் அழிந்தது. அளவுக்கு மீறி இறுக்கி இறுக்கி அந்தக் காதுகள் வளைந்திருந்தன. முகம் முழுக்கச் சமமாக அழிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. இப்போது காற்று ஒழுகாமல் ஐடிலிங் நிதானமாக நிற்கிறது.

மகள் 3டி பிரிண்டர் வாங்கியிருக்கிறாள். ஹார்ன் பிராக்கெட்டை முதலில் அதில் செய்து மாட்டி, ஹேண்டில் திருப்பும்போது இடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். அந்த பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகிவிடும், என்ஜின் பக்கத்தில் நிற்காது. ஒத்திகைக்கு மட்டும்தான். பிறகு அலுமினியத் தகட்டில் வெட்டினேன். வளைக்கும் இடத்தில் விரிசல் விடாமல் இருக்க அங்கே குளியல் சோப்பைத் தேய்த்து, பின்பக்கத்திலிருந்து கேஸ் டார்ச்சின் நெருப்பைக் காட்டினேன். சோப்புக் கோடு பழுப்பாகி, பிறகு கறுத்தது. உடனே நெருப்பை எடுத்துவிட்டேன். ஆறிய பிறகு தகடு ஈயம் மாதிரி வளைந்தது. அலுமினியம் சிவக்காமலேயே திடீரென்று உருகிவிடும் என்பதால் சோப்புதான் நமக்குத் தெர்மாமீட்டர்.

எல்லாவற்றையும் வீட்டில் செய்வேன் என்று நினைத்துவிடாதே. சக்கர அச்சு, ஃபோர்க், பிரேக் ராடின் முனை, இவற்றை நான் தொட மாட்டேன். எந்த இரும்பு, எப்படிப் பதம் ஏற்றியது என்று தாளில் எழுதித் தருகிறவர்களிடம்தான் வாங்குவேன். பளபளப்புக்காக அந்த இடங்களில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடலாம் என்று நீ எழுதியிருந்தது வேண்டாம். சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ் ரகம் 700 மெகாபாஸ்கல் இழுவிசை தாங்கும், 8.8 என்று தலையில் பொறித்த இரும்பு போல்ட் 800 தாங்கும். பளபளப்பு வேண்டுமானால் மட்கார்டில் போட்டுக்கொள்.

இன்னொரு விஷயம், இதைக் கண்டிப்பாகக் கேள். அப்பா வண்டியின் பிரேக் டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதே, வாயாலும் ஊதாதே. அந்தக் காலத்து லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கும். மாஸ்க் போட்டுக்கொண்டு, ஈரத் துணியால் துடைத்து, துணியை அப்படியே பையில் கட்டி எறி. பேரப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது அந்த வேலையே வேண்டாம்.

அப்பா வண்டியின் கிக்கர் ஷாஃப்ட்டை, அதாவது உதைத்து ஸ்டார்ட் செய்யும் கிக்கரின் தண்டை, கழற்றியதும் துடைக்காமல் ஒரு துணியில் சுற்றி எனக்கு அனுப்பு. கூடவே அதன் வாஷர்களையும் அனுப்பு, எது எந்தப் பக்கம் இருந்தது என்று சீட்டு எழுதிக் கட்டு. அப்பா எந்தக் காலால் உதைப்பார், எவ்வளவு வருடம் ஓட்டினார் என்று ஞாபகம் இருந்தால் அதையும் எழுது. அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்