தீவின் அனர்த்த எச்சரிக்கை தனியார் தளத்தை நம்பியிருக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

இணையத்தில் கருத்துச் சுதந்திரம் என்று பேச்செடுத்தாலே யாருடைய கணக்கு முடக்கப்பட்டது, யாருடையது திரும்பக் கிடைத்தது என்பதோடு விவாதம் நின்றுவிடுகிறது. 2022 ஒக்டோபரில் இலோன் மஸ்க் 4,400 கோடி டொலருக்கு டுவிட்டரை வாங்கியபோதும் அப்படித்தான். ஆனால் அடுத்த ஆண்டு நடந்த ஒன்று தீவு நாட்டவரான நமக்கு அதைவிட முக்கியமானது.

2023 ஏப்ரலில் அமெரிக்காவின் தேசிய சுனாமி எச்சரிக்கை நிலையம், தன் எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் உடனுக்குடன் டுவிட்டரில் இட இனி முடியாது என்று அறிவித்தது. மென்பொருள் தானாகப் பதிவிடும் வசதிக்குப் புதிய உரிமையாளர் கட்டணமும் உச்சவரம்பும் விதித்ததே காரணம். இலவசமாகக் கிடைத்தது மாதத்துக்கு 1,500 பதிவுகள், அதாவது நாளுக்கு 50. மே மாதம் அரசாங்க எச்சரிக்கைச் சேவைகளுக்கு விலக்கு அளித்தார்கள். அந்த விலக்கும் ஒரு நிறுவனத்தின் தயவுதான். இதே வரம்பு இலங்கைக்கு வந்தால் என்ன ஆகும்? 25 மாவட்டங்களுக்கு மும்மொழியிலும் ஒருமுறை எச்சரிக்கை விடுத்தாலே 75 பதிவுகள். முதல் சுற்று முடியுமுன்பே அன்றைய பங்கு தீர்ந்துவிடும்.

பசிபிக் தீவு நாடான டொங்காவின் அனுபவத்தையும் பார்க்க வேண்டும். 2022 ஜனவரி 15 எரிமலை வெடிப்பில் அதன் கடலடிக் கேபிள் அறுந்து, ஐந்து வாரங்களுக்குப் பிறகே சீரானது. மஸ்க்கின் செயற்கைக்கோள் இணையச் சேவையான ஸ்டார்லிங்க் 50 முனையங்களை இலவசமாகக் கொடுத்தது. அந்த நேரத்தில் அது பேருதவி. 2024இல் உள்நாட்டுக் கேபிள் மறுபடி அறுந்தபோது வவாவு தீவினர் ஸ்டார்லிங்கையே நம்பியிருந்தார்கள். உரிமம் இல்லையென்று அரசாங்கம் அதை நிறுத்தச் சொல்லி, பிறகு தற்காலிக அனுமதி கொடுத்தது. நிறுவனமும் அரசாங்கமும் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்யாததன் விலையைத் தீவு மக்கள் கொடுத்தார்கள். 2022இல் ரஷ்யா வசமிருந்த கிரைமியாவின் செவஸ்தபோல் வரை சேவையை இயக்கும்படி உக்ரேன் கேட்டதைத் தான் மறுத்ததாக மஸ்க்கே பிறகு எழுதினார். போர்க்கள விவகாரம் வேறு என்றாலும், சேவை எந்த எல்லை வரை என்பதை ஒரு தனிமனிதர் தீர்மானிக்கலாம் என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது.

எச்சரிக்கையின் முதல் வழி நம் கையிலேயே இருக்க வேண்டும். அதற்கான தொழில்நுட்பம் செல் புரோட்காஸ்ட். குறுஞ்செய்தி ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாகப் போகிறது: விநாடிக்கு 1,000 வீதம் அனுப்பினாலும் 10 இலட்சம் பேருக்குப் போய்ச்சேர ஏறத்தாழ 17 நிமிடம் ஆகும், நெரிசலில் இன்னும் தாமதிக்கும். செல் புரோட்காஸ்டில் கைபேசிக் கோபுரம் ஒரே தடவை அறிவிக்கிறது. அதன் எல்லைக்குள் இருக்கும் தொலைபேசிகள் எல்லாம் சில விநாடிகளில் பெற்றுக்கொள்கின்றன. எண்ணும் தேவையில்லை, டேட்டாவும் தேவையில்லை.

பிழைகள் வருமிடங்களும் தெரிந்தவையே. முதலாவது மொழி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மண்சரிவுகளே பெரும் சாவுக்குக் காரணம். எச்சரிக்கைகள் தமிழில் போதுமான அளவு வரவில்லை என்ற குறை அப்போது பலராலும் சொல்லப்பட்டது. செல் புரோட்காஸ்டில் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் 93 எழுத்துகளைக் கொள்ளும். தமிழுக்கும் சிங்களத்துக்கும் 41 குறிகள்தான். புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். "மண்சரிவு அபாயம். இப்போதே வெளியேறுங்கள்." என்பது 39 குறிகள், ஒரே பக்கத்தில் அடங்கும். அனர்த்த நேரத்தில் மொழிபெயர்ப்பாளரைத் தேடக்கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியால மழைவீழ்ச்சி 75, 100, 150 மில்லிமீற்றரைத் தாண்டும்போது மூன்று கட்டமாக எச்சரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்குமான வாசகத்தை இரு மொழியிலும் இப்போதே எழுதி, பிரிவின் பெயரை மட்டும் நிரப்பும்படி வைக்கலாம். தமிழ்ப் பகுதி வெறுமையாக இருந்தால் செய்தியை வெளியே விடாதபடி மென்பொருளிலேயே பூட்டுப் போட வேண்டும். சுற்றறிக்கை எழுதினால் மறந்துபோவார்கள். பூட்டை மறக்க முடியாது.

இரண்டாவது கைபேசி. செல் புரோட்காஸ்டில் 4370 என்ற அலைவரிசை எண்ணில் வரும் அதியுயர் எச்சரிக்கையைப் பயனாளர் அணைக்க முடியாது. பிற மொழிக்கு 4383 ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இந்த நாட்டுக்கென்று தயாரிப்பாளர் அதை இயக்கி வைத்திருக்க வேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழு, இறக்குமதி அனுமதிக்கே இதை நிபந்தனையாக்கலாம். தோட்டங்களில் புழங்கும் பட்டன் தொலைபேசிகளில் இந்த வசதி பெரும்பாலும் அணைந்தே கிடக்கும். கிராம உத்தியோகத்தர் மட்டத்தில் அதை ஒவ்வொன்றாகப் போட்டுக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாவது மின்சாரம். கோபுர பற்றரிகள் சில மணித்தியாலமே தாங்கும், அடைமழை நாட்களில் சோலரும் கைகொடுக்காது, வீதி சரிந்தால் டீசலும் வராது. ஆகவே ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் ஒரு கோபுரத்திலாவது 72 மணித்தியால எரிபொருள் இருப்பில் இருக்க வேண்டும். மின்சாரம் இருந்தும் ஃபைபர் அறுந்தால் அந்தக் கோபுரத்துக்குச் செய்தியே வந்துசேராது. செயற்கைக்கோள் இணைப்பு மாற்றுவழியாக உதவும் இடம் இதுதான். ஸ்டார்லிங்க் உட்பட யாரிடமும் வாங்கலாம். ஆனால் இரண்டு நிறுவனங்களிடம், அனர்த்த காலத்தில் துண்டிக்கக் கூடாது என்ற எழுத்துமூல நிபந்தனையோடு வாங்க வேண்டும்.

கோடீஸ்வரரைக் குறை சொல்லிவிட்டு அரசாங்கத்தை விட்டுவிட முடியாது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி இலங்கை அரசாங்கம் சமூக ஊடகங்களை மணிக்கணக்கில் முடக்கியது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பொய்யென்று நிகழ்நிலைக் காப்பு ஆணைக்குழு கருதும் கூற்றை 24 மணித்தியாலத்துக்குள் நீக்கச் சொல்ல இடமளிக்கிறது. வெள்ளத்தில் நிற்பவர் "ஆற்றங்கரை உடைந்துவிட்டது" என்று பதிவிடும்போது இடத்தையோ நேரத்தையோ தவறாகச் சொல்லக்கூடும். அதைத் திருத்தினால் போதும். தண்டனை வருமென்று பயந்து மக்கள் வாய்மூடினால், மழைமானி இல்லாத மலைச்சரிவுகளிலிருந்து மீட்புக் குழுவுக்குத் தகவலே வராது. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் அனர்த்தத் தகவல்களுக்கு அந்தச் சட்டத்தில் வெளிப்படையான விலக்கு சேர்க்க வேண்டும்.

அடுத்த வடகீழ்ப் பருவமழைக்கு முன் நுவரெலியாவிலும் பதுளையிலும் ஒரு ஒத்திகை நடத்துமாறு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தைக் கேட்டுக்கொள்கிறோம். அது இரவில், இரு மொழியிலும், மின்சாரத்தைத் துண்டித்து நடக்கட்டும். செய்தி எட்டாத தோட்டப் பிரிவுகளின் பட்டியலைப் பத்திரிகைகளில் வெளியிடட்டும்.

இங்ஙனம்,
மலையகத் தொலைத்தொடர்புத் துறையினர் சிலர்