விமானம் சரியாகத்தான் வந்தது, உங்கள் கணக்குதான் தப்பு

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: ஷார்ஜா - திருவனந்தபுரம் பயண நேரத்தைத் தவறாகக் கணக்கிட்டதும், ஏறாத டாக்ஸிக்குப் பணம் பிடித்ததும் தொடர்பாக.

ஐயா,

மார்த்தாண்டத்திலிருந்து எழுதுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. வளைகுடாவில் வேலை பார்க்கும் எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் திருவனந்தபுரம் வழியாகத்தான் வந்து போகிறார்கள். ஷார்ஜாவில் இருக்கும் என் மகனுக்கு உங்கள் செயலியில் வந்து போக டிக்கெட்டும், வீடு வந்து சேர டாக்ஸியும் சேர்த்தே பதிவு செய்தேன்.

விமானம் ஷார்ஜாவில் இரவு 10.30-க்குப் புறப்பட்டு, இங்கே அதிகாலை 4 மணிக்கு இறங்கும் என்று டிக்கெட்டில் இருந்தது. அது சரி. ஆனால் அவன் விமானம் ஏறிய பிறகு, "5.30-க்கு இறங்கும், டாக்ஸி 6.15-க்கு வாசலில் நிற்கும்" என்று எனக்கு உங்கள் செய்தி வந்தது. தாமதம் போலிருக்கிறது என்று நாங்களும் இருந்துவிட்டோம். விமானமோ சொன்னபடி 4 மணிக்கே இறங்கிவிட்டது. கைக்குழந்தையையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வெளியே நிற்பது? கிடைத்த வண்டியைக் கேட்ட வாடகைக்குப் பிடித்து, பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, களியக்காவிளை வழியாக வந்து சேர்ந்தார்கள். அதற்கு மேல், "பயணி வரவில்லை" என்று சொல்லி டாக்ஸிக் கட்டணம் முழுவதையும் பிடித்துக்கொண்டீர்கள். டாக்ஸி ஓட்டுநரைக் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் சொன்ன நேரத்துக்கு அவர் வந்திருக்கிறார்.

தப்பு எங்கே என்று உங்கள் பக்கத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஷார்ஜாவிலிருந்து வர 5.30 மணி நேரம், திரும்பிப் போக 2.30 மணி நேரம் என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டு ஊர்க் கடிகார நேரத்தையும் அப்படியே கழித்ததால் வந்த வினை இது. இந்திய நேரம் ஐக்கிய அரபு அமீரக நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் முந்தியது. அதைச் சரிசெய்தால் போகவும் வரவும் ஏறக்குறைய 4 மணி நேரம்தான். இதில் இன்னொரு கூத்து, டாக்ஸி நேரம் போடும்போது மட்டும் அந்த ஒன்றரை மணி நேரம் உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கிறது! ஏற்கெனவே கூடிப்போன 5.30 மணி நேரத்துடன் அதையும் கூட்டியதால்தான், 4 மணிக்கு இறங்கும் விமானம் உங்கள் கணக்கில் 5.30-க்கு இறங்குவதாக ஆனது.

தொலைபேசியில் கேட்டதற்கு, "காற்றின் திசையால் அப்படி மாறும் சார்" என்றார் உங்கள் ஊழியர். காற்றால் கொஞ்சம் முன்பின் ஆகும், ஒப்புக்கொள்கிறேன். மூன்று மணி நேரமா மாறும்? அதே பக்கத்தில் தூரம் சுமார் 2,940 கிலோமீட்டர் என்று சரியாகவே போட்டிருக்கிறீர்கள். அதை 2.30 மணி நேரத்தில் கடக்க மணிக்கு 1,176 கிலோமீட்டர் வேகம் வேண்டும். சாதாரணப் பயணிகள் விமானம் 800, 900-க்குள்தான் பறக்கும். அதைத் தாண்டி, ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்டு பயணிகள் விமானம் 2003-லேயே ஓய்வுபெற்றுவிட்டது.

பிடித்த டாக்ஸிக் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள். நாங்கள் வேறு வண்டிக்குக் கொடுத்த வாடகையும் உங்கள் பொறுப்புதான், ரசீதை இணைத்திருக்கிறேன். அப்புறம், அந்தப் பக்கத்தில் நேரக் கணக்கைத் திருத்துங்கள். மகன் திரும்பிப் போகும் டிக்கெட்டிலும் இன்றுவரை 2.30 மணி நேரம் என்றுதான் காட்டுகிறது. பதிலை எழுத்தில் அனுப்புங்கள். வராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மார்த்தாண்டம்

இணைப்பு: டிக்கெட் நகல், உங்கள் செய்தியின் படம், வாடகை ரசீது